வேன் ஓடுகிறது, மேப்பில் புள்ளி நகரவில்லை: ஜிபிஎஸ் லொகேஷன் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் போனில் பார்க்கும் ஆப்களை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரின் போன் சில நொடிகளுக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை அனுப்பும். அது சர்வருக்குப் போய், அங்கிருந்து பெற்றோரின் மேப்புக்கு வரும். அந்தப் புள்ளி பத்து நிமிடம் நின்றுபோனால், வேன் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது என்று நம்பி ஓர் அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார். குழந்தை தெருமுனையில் தனியாக இறங்கி நிற்கும். வேன் உரிமையாளரோ ஓட்டுநர்தான் போனை அணைத்துவிட்டார் என்று அவரைத் திட்டுவார். அதனால் இது அவசரமாகவும் நிதானமாகவும் பார்க்க வேண்டிய பிழை.

கீழே உள்ளவை பெரும்பாலும் ஆண்ட்ராய்டுக்கானவை, ஏனென்றால் ஓட்டுநர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஐபோனுக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். டெலிவரி ஆப், ஆட்டோ ஆப், களப்பணியாளர் வருகைப்பதிவு ஆப் எல்லாவற்றுக்கும் இதே அறிகுறிகள் பொருந்தும்.

கோடில் (ஆப்பின் நிரலில்) கை வைக்கும் முன்: நான்கு நேரங்கள்

"லொகேஷன் அப்டேட் ஆகலை" என்று புகார் வந்தால் பலர் உடனே லொகேஷன் அனுமதி கேட்கும் நிரலைத் திருத்தப் போவார்கள். அதற்கு முன் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு புள்ளி போனின் ஜிபிஎஸ் சிப்பிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும், அங்கிருந்து ஆப்புக்கும், பிறகு நெட் வழியாகச் சர்வருக்கும், கடைசியில் இன்னொரு போனின் மேப்புக்கும் போகிறது. இதில் எங்கே அறுந்தாலும் பெற்றோருக்குத் தெரிவது ஒன்றுதான்: புள்ளி நகரவில்லை.

ஆகவே ஒவ்வொரு புள்ளியோடும் நான்கு நேரங்களைப் பதிவு செய்யுங்கள். அந்த இடம் கணிக்கப்பட்ட நேரம், அது ஆப்பின் கைக்கு வந்த நேரம், ஆப் அதை அனுப்பிய நேரம், சர்வர் வாங்கிக்கொண்ட நேரம். முதல் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், ஆண்ட்ராய்டு பழைய புள்ளியைக் கொடுக்கிறது, அல்லது புள்ளிகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தருகிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருந்தால் தவறு நம் ஆப்பில். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே இருந்தால் நெட்வொர்க். நான்கும் அடுத்தடுத்து இருந்தும் மேப் மட்டும் பழையதைக் காட்டினால், ஓட்டுநரின் போனை விட்டுவிட்டுப் பெற்றோர் ஆப்பைப் பாருங்கள். பதிவே இல்லாத ஒரு பெரிய வெற்றிடம் இருந்தால், ஆப் தூங்க வைக்கப்பட்டது அல்லது சிப்புக்கு சிக்னல் கிடைக்கவில்லை.

ஒரு புள்ளி எவ்வளவு பழையது என்று கணக்கிட போனின் கடிகாரத்தை நம்பாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஒவ்வொரு புள்ளியோடும் போன் ஆன் ஆனதிலிருந்து கழிந்த நேரமும் நானோ நொடிகளில் வருகிறது. அதை வைத்துக் கணக்கிட்டால் யாரும் கெடுக்க முடியாது.

அறிகுறி: முதல் புள்ளியே வரவில்லை

அனுமதியிலிருந்து தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் (2015) ஆப் ஓடும்போது அனுமதி கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன்பின் வந்த மாற்றங்களில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், ஓட்டுநர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மறுத்துவிட்டால் அனுமதி கேட்கும் பெட்டி மறுபடி திறக்காது. ஆப் கேட்டுக்கொண்டே இருக்கும், திரையில் ஒன்றும் வராது. இந்த நிலையைக் கோடில் கண்டுபிடித்து அவரை நேராக செட்டிங்ஸ் பக்கத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அதே பதிப்பில் "இந்த முறை மட்டும்" என்ற தேர்வும் வந்தது. அதை அழுத்தியவருக்குக் காலை டிரிப் ஓடும், மாலை டிரிப் ஓடாது. கோடை விடுமுறையும் சேர்த்துச் சில மாதங்கள் ஆப்பைத் திறக்காமல் இருந்தால், கொடுத்த அனுமதியைக்கூட ஆண்ட்ராய்டு தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புகார்கள் குவிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

அனுமதி சரி, போனின் லொகேஷன் சுவிட்சே அணைந்திருக்கிறதா? இது வேறு, அது வேறு. கூகுள் பிளே சர்வீசஸில் இதைச் சோதித்து, அணைந்திருந்தால் ஆப்பை விட்டு வெளியே போகாமலே ஆன் செய்யச் சொல்லும் பெட்டி இருக்கிறது. கட்டாயம் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கேட்கும் அழைப்பு. போனை இப்போதுதான் ரீஸ்டார்ட் செய்தார், அல்லது லொகேஷனை அணைத்துப் போட்டார் என்றால் அது வெறுமையைத்தான் தரும். அதை மட்டும் கேட்டுவிட்டு நிற்கும் ஆப், டெவலப்பரின் போனில் எப்போதும் வேலை செய்யும், ஏனென்றால் அந்தப் போனில் வேறு ஏதாவது ஓர் ஆப் ஏற்கனவே லொகேஷன் வாங்கி வைத்திருக்கும். தொடர் அப்டேட் கேளுங்கள், அல்லது இப்போதைய இடத்தைக் கேட்கும் அழைப்பைப் பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முதல் புள்ளிக்கு நெடுநேரம் ஆகிறதா? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தங்கள் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகின்றன. அந்த விவரத்தின் ஒரு தொகுப்பு (சட்டகம்) 1,500 பிட், அதாவது 30 நொடி. எந்த உதவியும் இல்லாமல் தொடங்கும் சிப், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து இதைத் தடங்கல் இல்லாமல் கேட்டு முடிக்க வேண்டும். கட்டடங்களுக்கு நடுவே ஓடும் வேனில் பாதியில் அறுந்தால் மறுபடி கேட்க வேண்டும். நெட் இருந்தால் போன் இந்த விவரத்தை இணையத்திலிருந்தே வாங்கிக்கொள்ளும், சில நொடிகளில் இடம் கிடைத்துவிடும். ஆகவே டேட்டா இல்லாத போனில் தாமதம் இயல்பு. திறந்த வெளியில் வண்டியை எடுக்கும் முன் ஆப்பைத் திறந்து, "இடம் கிடைத்தது" என்று திரையில் வந்த பிறகு கிளம்பச் சொல்லுங்கள். அந்த வரியை ஆப்பில் பெரிய எழுத்தில் காட்டுவது நம் பொறுப்பு.

அறிகுறி: திரை அணைந்ததும் புள்ளி நின்றுவிடுகிறது

வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான். உதவி எண்ணில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அண்ணே, ஆப்பைத் திறந்துதானே வச்சிருந்தீங்க?"

"திறந்துதான் தம்பி வச்சிருந்தேன். லைட்டு ஆஃப் ஆயிருச்சு, பையில போட்டுட்டேன். ஸ்கூல் போய்ப் பார்த்தா பழைய எடத்துலயே நிக்குது."

அவர் சொல்வது அத்தனையும் உண்மை. திரை அணைந்த கணத்தில் ஆண்ட்ராய்டின் பார்வையில் ஆப் பின்னணிக்குப் போய்விட்டது. ஆண்ட்ராய்டு 8 முதல் (2017) பின்னணி ஆப்புக்கு ஒரு மணி நேரத்துக்குச் சில முறை மட்டுமே லொகேஷன் கிடைக்கும். நான்கு நேரங்களின் பதிவில் நீண்ட நீண்ட இடைவெளி விட்டுப் புள்ளி வந்தால் இந்தக் கட்டுப்பாடுதான். சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், யாரோ ஒர்க் மேனேஜரில் (பின்னணி வேலைகளை ஓட்டும் ஆண்ட்ராய்டு வசதி) தொடர்வேலையாக ட்ராக்கிங்கை எழுதியிருக்கிறார்கள். அதன் குறைந்தபட்ச இடைவெளியே 15 நிமிடம். ஓடும் வண்டியைத் தொடர அது கருவியே இல்லை.

சரியான வழி ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ், அதாவது நோட்டிஃபிகேஷனைக் காட்டியபடி ஓடும் சேவை. ஆண்ட்ராய்டு 10 முதல் அதன் வகை லொகேஷன் என்று மேனிஃபெஸ்டில் (ஆப்பின் அறிவிப்புக் கோப்பில்) அறிவிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14 முதல் (2023) அதற்கென்று தனி அனுமதி வரியும் வேண்டும், விட்டால் சேவை தொடங்கும்போதே ஆப் விழுந்துவிடும்.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் ஆப்பைத் திறந்து "டிரிப் தொடங்கு" என்று அழுத்தும்போது இந்தச் சேவை தொடங்கினால், "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற அனுமதியே போதும். திரை அணைந்தாலும் லொகேஷன் வந்துகொண்டே இருக்கும். "எல்லா நேரமும்" என்ற அனுமதி தேவைப்படுவது, ஆப் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் சேவையைத் தொடங்கினால்தான். போன் ரீஸ்டார்ட் ஆனதும் தானே தொடங்குவது, காலை ஏழு மணிக்கு அலாரம் வைத்துத் தொடங்குவது போன்றவை. தேவையில்லாமல் எல்லா நேரமும் கேட்டால் ஓட்டுநருக்குச் சந்தேகம் வரும், பிளே ஸ்டோரிலும் காரணம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். டிரிப் தொடங்கப் பொத்தான் வைப்பதே எல்லாருக்கும் நல்லது. ஓட்டுநரின் சொந்த நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

இதிலிருந்தே இன்னொரு அறிகுறியும் புரியும்: நோட்டிஃபிகேஷன் மேலே தெரிகிறது, புள்ளி மட்டும் வரவில்லை. நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு சேவையைக் கொன்று, பிறகு தானே எழுப்பியிருக்கும். அப்படி எழுந்தது பின்னணியில் தொடங்கியதாகவே கணக்கு. ஆண்ட்ராய்டு 11, 12, 13-இல் நோட்டிஃபிகேஷன் வரும், லொகேஷன் வராது. 14-இல் பிழை எறிந்து விழும். இரண்டு நிமிடம் புள்ளி வரவில்லை என்றால் "ட்ராக்கிங் நின்றுவிட்டது, தொட்டுத் தொடருங்கள்" என்று சத்தத்தோடு ஒரு நோட்டிஃபிகேஷன் கொடுங்கள். ஓட்டுநர் தொட்டதும் ஆப் முன்னுக்கு வரும், சேவையைப் புதிதாகத் தொடங்கலாம்.

கோடு எல்லாம் சரி, இருந்தும் நிற்கிறதா? அப்புறம் போனின் பேட்டரி அமைப்புகள். ஆண்ட்ராய்டு 9 முதல், பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் திரை அணைந்ததும் லொகேஷனையே நிறுத்த போனுக்கு அனுமதி உண்டு. ஆப்பில் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்க முடியும். அடுத்தது போன் தயாரிப்பாளர்கள் சேர்க்கும் கட்டுப்பாடுகள். சாம்சங்கில் "ஸ்லீப்பிங் ஆப்ஸ்", "டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்" பட்டியல்கள் இருக்கும், நம் ஆப் அவற்றில் இருக்கக் கூடாது. சியோமியில் "ஆட்டோஸ்டார்ட்" ஆன் செய்து, பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்று வைக்க வேண்டும். மற்ற போன்களிலும் பேட்டரி பகுதியில் பின்னணியில் ஓட அனுமதி என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். சில போன்களில் சமீபத்திய ஆப்கள் பட்டியலிலிருந்து நம் ஆப்பைத் தள்ளிவிட்டால் சேவையும் சேர்ந்தே நின்றுவிடும். ஒவ்வொரு மாடலுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு தமிழில் ஒரு பக்கம் தயாரித்து ஆப்புக்குள்ளேயே வையுங்கள். "செட்டிங்ஸ்ல போய் மாத்துங்க" என்று போனில் சொன்னால் மட்டும் போதாது.

டெவலப்பர்களுக்கு ஒன்று: இந்தப் பிழை உங்கள் மேசையில் வரவே வராது. யுஎஸ்பி கேபிள் செருகியிருக்கும் வரை போன் சார்ஜில் இருப்பதாக நினைக்கும், டோஸ் என்ற தூக்க நிலைக்குப் போகாது. கேபிளைக் கழற்றி, வைஃபை வழியாக ஏடிபி (கணினியிலிருந்து போனைச் சோதிக்கும் கருவி) இணைத்து, திரையை அணைத்து, பையில் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் (2016) நகரும் போனுக்கும் லேசான டோஸ் உண்டு, ஃபோர்கிரவுண்ட் சேவை இல்லாத ஆப்பின் நெட்டை அது துண்டிக்கும்.

அறிகுறி: புள்ளி வருகிறது, ஆனால் தெரு தப்பு, சில நேரம் ஊரே தப்பு

ஒவ்வொரு புள்ளியோடும் துல்லியம் என்று மீட்டரில் ஓர் எண் வரும். உண்மையான இடம் அந்த ஆரமுள்ள வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பது அதன் பொருள். 20 என்று வந்தாலும், மூன்றில் ஒரு முறை 20 மீட்டருக்கு வெளியே இருக்கலாம். இந்த எண்ணைப் பார்க்காமல் மேப்பில் புள்ளி வைக்கவே கூடாது.

துல்லியம் ஆயிரக்கணக்கில் வருகிறதா? ஆண்ட்ராய்டு 12 முதல் (2021) அனுமதிப் பெட்டியிலேயே துல்லியமான இடம், தோராயமான இடம் என்று இரண்டு தேர்வு இருக்கிறது. தோராயத்தை அழுத்திவிட்டால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்றுதான் கிடைக்கும். எந்தத் தேர்வு கிடைத்தது என்று ஆப் சோதித்து, ஏன் துல்லியம் தேவை என்று ஓட்டுநரிடம் ஒரே வரியில் சொல்லி மறுபடி கேட்க வேண்டும். கேட்கும்போது இரண்டு அனுமதிகளையும் சேர்த்தே கேளுங்கள். துல்லியத்தை மட்டும் தனியாகக் கேட்டால் ஆண்ட்ராய்டு 12-இன் சில வெளியீடுகள் கோரிக்கையைக் கண்டுகொள்ளாது.

நூறு மீட்டர் அளவில் வந்தால், கோடில் பேட்டரியைச் சேமிக்கும் சமநிலை முன்னுரிமையைக் கேட்டிருப்பீர்கள். ட்ராக்கிங்குக்கு உயர் துல்லியம் வேண்டும்.

புள்ளிகள் கட்டம் போட்டதுபோல் ஒரே வரிசையில் விழுந்தால் யாரோ தசமத்தை வெட்டுகிறார்கள். மூன்று தசமம் என்றால் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர். ஆறு தசமம் வையுங்கள்.

மேப்பில் கோடு சாலையை விட்டு வயலுக்குள் போகிறது என்ற புகார் மலைப்பாதைகளில் அதிகம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 10 நொடியில் 111 மீட்டர் போய்விடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் அந்த இடைவெளிக்குள் ஒரு வளைவே முடிந்துவிடும். மேப் இரண்டு புள்ளிகளையும் நேர்க்கோட்டால் இணைக்கிறது, அவ்வளவுதான். வளைவுப் பகுதியில் இடைவெளியை 3 நொடியாகக் குறைத்தால் சரியாகும். சென்னைப் பாரிமுனைச் சந்துகளில் வேறு காரணம்: சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பாதை நீண்டு இடம் தள்ளிப்போகிறது. இதைக் கோடில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. எல் 5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் கேட்கும் போன்கள் (முதல் போன் 2018-இல் வந்தது) இங்கே தெளிவாகவே நன்றாக வேலை செய்யும்.

அறிகுறி: நிற்கும் வண்டி ஓடுகிறது

பள்ளி வாசலில் நிற்கும் வேனின் புள்ளி நடுங்கிக்கொண்டே இருக்கும். அது பிழை இல்லை, ஜிபிஎஸ்ஸின் இயல்பு. அந்த நடுக்கத்தைத் தூரம் என்று கூட்டுவதுதான் பிழை. 5 நொடிக்கு ஒரு புள்ளி, ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து 4 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 720 புள்ளி, 2,880 மீட்டர். காலையில் இறக்கிவிட்டு மாலை வரை ஆறு மணி நேரம் நிற்கும் வேன் 17 கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கு வரும். டீசல் கணக்கை இந்தத் தூரத்தோடு ஒப்பிடும் உரிமையாளர் ஓட்டுநரிடம் கேள்வி கேட்பார். நாம் எழுதிய கூட்டலால் ஒருவரின் நேர்மை சந்தேகத்துக்கு உள்ளாகிறது என்பதை மறக்கக் கூடாது.

சரிசெய்வது இப்படி. கடைசியாக ஏற்றுக்கொண்ட புள்ளியை நங்கூரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய புள்ளி அந்த நங்கூரத்திலிருந்து, இரண்டு புள்ளிகளின் துல்லிய எண்களில் பெரியதைவிட அதிக தூரம் விலகினால் மட்டும் தூரத்தைக் கூட்டி நங்கூரத்தை நகர்த்துங்கள். கூடவே சிப் தரும் வேக எண்ணையும் பாருங்கள். அது டாப்ளர் விளைவிலிருந்து (நகர்வால் சிக்னலின் அலைவரிசை மாறுவது) நேரடியாக அளக்கப்படுவது, இரண்டு புள்ளிகளைக் கழித்துக் கண்டுபிடிக்கும் வேகத்தைவிட நம்பகமானது. நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தால் வண்டி நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நிற்கும்போது சிப் தரும் திசை எண்ணையும் ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மேப்பில் வேன் படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதே நடுக்கத்தைத் தடுக்கச் சிலர் "குறைந்தது 50 மீட்டர் நகர்ந்தால்தான் புள்ளி கொடு" என்று ஆண்ட்ராய்டிடமே சொல்லிவிடுவார்கள். பார்க்க எளிது, ஆனால் எனக்கு அது பிடிக்காது. ரயில்வே கேட்டில் கால் மணி நேரம் நிற்கும் வேனும், போன் செத்துப்போன வேனும் சர்வருக்கு ஒன்றுபோலவே தெரியும், இரண்டிலும் புள்ளி வராது. நகராவிட்டாலும் நிமிடத்துக்கு ஒருமுறை "இங்கேதான் இருக்கிறேன்" என்று ஒரு புள்ளி போக வேண்டும். பெற்றோர் மேப்பில் "நிற்கிறது" என்பதும் "தகவல் இல்லை, கடைசியாக 7:42" என்பதும் வேறு வேறு நிறத்தில் தெரிய வேண்டும். பழைய புள்ளியைப் புதியது போலக் காட்டுவதைவிடத் தகவல் இல்லை என்று ஒப்புக்கொள்வது பெற்றோருக்குப் பாதுகாப்பு.

அறிகுறி: புள்ளி திடீரென்று வேறு ஊருக்குத் தாவித் திரும்புகிறது

சிக்னல் கிடைக்காத கணத்தில் போன் சுற்றியுள்ள வைஃபை, செல் டவர்களை வைத்து இடத்தைக் கணிக்கும். ஒரு வைஃபை ரூட்டர் எங்கே இருந்தது என்று பழைய பதிவு சொல்கிறதோ அங்கே புள்ளி போகும். வீடு மாறியவர் ரூட்டரையும் கூடவே எடுத்துவந்திருந்தால், புதுத் தெருவைக் கடக்கும் வேன் ஒரு கணம் பழைய ஊரில் தெரியலாம். ஓடும் பேருந்துகளில் உள்ள வைஃபையும் இப்படிச் செய்யும்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வேன் 120 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனதாக வந்தால் அந்தப் புள்ளியை ஒதுக்குங்கள். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் புள்ளியே தவறாக இருந்தால், அதன்பின் வரும் சரியான புள்ளிகள் எல்லாம் தாவல் போலத் தெரிந்து வரிசையாக ஒதுக்கப்படும். வேன் தவறான இடத்திலேயே உறைந்துவிடும். ஒதுக்கப்பட்ட புள்ளிகள் மூன்று அடுத்தடுத்து ஒன்றோடொன்று பொருந்தி வந்தால், அவையே உண்மை என்று நங்கூரத்தை அங்கே மாற்றிவிடுங்கள்.

தாவல் திட்டமிட்டதுபோல் இருந்தால் போலி லொகேஷன் ஆப்பாகவும் இருக்கலாம். புள்ளி போலியா என்று ஆண்ட்ராய்டே சொல்லும். பதிவு செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து யார் மீதும் குற்றம் சாட்டாதீர்கள்.

அறிகுறி: வேன் முன்னும் பின்னும் போகிறது, அல்லது நேரம் பொருந்தவில்லை

நெட் இல்லாத பகுதியில் சேர்ந்த புள்ளிகள் நெட் வந்ததும் மொத்தமாகப் போகும். சர்வர் அவற்றை வந்த நேரப்படி அடுக்கினால் வேன் இரண்டு தெரு முன்னே போய், மூன்று தெரு பின்னே வரும். கணித்த நேரப்படி அடுக்குங்கள். நேரலை மேப்புக்குக் கடைசிப் புள்ளியை முதலில் அனுப்பி, பழையவற்றைப் பிறகு அனுப்புங்கள். சேமிப்பு போனின் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும், நினைவகத்தில் வைத்தால் ஆப் விழும்போது அத்தனையும் போய்விடும்.

எல்லாப் புள்ளியும் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளியிருந்தால், உலக நேரத்தையும் இந்திய நேரத்தையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள். வண்டியில் பொருத்திய டிராக்கரிலிருந்து வரும் புள்ளி 18 நொடி முன்னால் இருந்தால், ஜிபிஎஸ் நேரத்தை அப்படியே உலக நேரமாக எடுத்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் நேரத்தில் லீப் நொடி (உலக நேரத்தில் அவ்வப்போது கூடுதலாகச் சேர்க்கும் ஒரு நொடி) சேர்ப்பதில்லை, 2017 முதல் வித்தியாசம் 18 நொடி. தேதியே 19 ஆண்டு 7 மாதம் பின்னால் காட்டினால் பழைய ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்): ஜிபிஎஸ் வார எண் 1,024-க்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரல் 6-இல் திரும்பியது.

அறிகுறி: வேன் கடலில் இருக்கிறது

இவை கண்டுபிடிக்க மிக எளிது, எந்தக் கடல் என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடா என்றால் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் சுழியம். புள்ளி கிடைக்காதபோது வெறுமைக்குப் பதில் 0 போகிறது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடல் என்றால் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன: சென்னையின் 13.08, 80.27 திருப்பிப் போட்டால் அங்கேதான் விழும். ஜியோஜேசன் என்ற இடத்தரவு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் வரும் என்பதை மறந்தால் இது நடக்கும். கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ என்றால் யாரோ எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலிப் போனில்) சோதித்த தரவு உண்மைச் சர்வருக்குள் வந்திருக்கிறது.

டிராக்கர் கருவிகளில் மட்டும் வரும் ஒன்று உண்டு. வேன் எப்போதும் உண்மையான இடத்துக்குத் தென்மேற்கில் தெரியும், தள்ளும் தூரமும் இடத்துக்கு இடம் மாறும். கருவி 1304.962 என்று அனுப்புவது 13 பாகை (டிகிரி) 4.962 கலை (மினிட்) என்ற பொருளில். அதை நூறால் வகுத்து 13.04962 என்று எடுத்தால் தவறு. கலையை 60-ஆல் வகுத்தால்தான் 13.0827 வரும். வித்தியாசம் வடக்கு-தெற்கில் மட்டும் சுமார் 3.7 கிலோமீட்டர்.

ஐபோனில்

அனுமதிப் பெட்டியே வரவில்லை என்றால் ஆப்பின் இன்ஃபோ கோப்பில், லொகேஷன் ஏன் வேண்டும் என்று சொல்லும் காரண வாசகம் இல்லை. பெட்டி ஒரு கணம் தோன்றி மறைந்தால், லொகேஷன் மேனேஜரை உள்ளூர் மாறியாக எழுதியிருப்பார்கள், செயல்கூறு முடிந்ததும் அதுவும் போய்விடும். துல்லிய லொகேஷன் சுவிட்ச் ஐஓஎஸ் 14 முதல் (2020) இருக்கிறது, அதையும் பாருங்கள்.

வேன் நெடுநேரம் நின்று, பிறகு கிளம்பியும் புள்ளி நகரவில்லையா? தானாக நிறுத்திவைக்கும் வசதி ஐபோனில் இயல்பாகவே ஆனில் இருக்கும். நிறுத்தியது பின்னணியில் தானே மறுபடி தொடங்கும் என்று நம்ப முடியாது. அதை அணைத்து, செயல்வகையை வாகனப் பயணம் என்று குறிப்பிட்டு, பின்னணி லொகேஷனைக் கோடிலும் திட்ட அமைப்பிலும் இரண்டு இடத்திலும் ஆன் செய்யுங்கள். ஓட்டுநர் ஆப்பை மேலே தள்ளி மூடிவிட்டால் தொடர் அப்டேட் நின்றுபோகும். பெரிய நகர்வை மட்டும் சொல்லும் சேவைக்கு மாறினால் 500 மீட்டர் அளவு நகர்ந்தால்தான் புள்ளி, அதுவும் 5 நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வராது. வேனுக்கு அது போதாது.

அறிகுறி: ஒரே ஒரு போனில் மட்டும் தகராறு

நம் ஆப்பை ஒதுக்கிவிட்டு, ஜிபிஎஸ்டெஸ்ட் போன்ற செயற்கைக்கோள் காட்டும் ஆப்பைத் திறந்த மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள். சிக்னல் வலிமை பல செயற்கைக்கோள்களுக்கு 35 முதல் 45 வரை இருந்தால் சிப்பும் ஆன்டெனாவும் நலம், கோளாறு அமைப்புகளில்தான். வெட்டவெளியிலும் எல்லாம் 20-க்குக் கீழே என்றால் முதலில் கவரைக் கழற்றுங்கள், உலோகத் தகடு ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதே போனை வேனுக்குள் வைத்து மறுபடி பாருங்கள். டேஷ்போர்டு மேல் 38 காட்டுவது பெட்டிக்குள் போட்டால் 22-க்கு இறங்கினால், ஹோல்டர் ஒன்றை வாங்கிக் கண்ணாடி ஓரமாகப் பொருத்துவதே தீர்வு. கவரில்லாமல், வெட்டவெளியில், ரீஸ்டார்ட் செய்த பிறகும் எண் ஏறவில்லை என்றால் அந்தப் போனின் ஆன்டெனா போய்விட்டது. சர்வீஸ் சென்டருக்குக் கொடுத்துவிட்டு, அதுவரை ஓட்டுநருக்கு வேறு போன் ஒன்றில் லாகின் செய்து கொடுங்கள்.